கோடியாக் தீவில் மான் வேட்டை: பட்டியலைக் கறியிலிருந்து தொடங்குங்கள்

நவம்பரில் நண்பர்கள் மூன்று பேர், வழிகாட்டி இல்லாமல், அலாஸ்காவின் கோடியாக் தீவுக்கு சிட்கா கருவால் மான் வேட்டைக்குப் போகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள்; என்னென்ன எடுத்துப்போவது, எப்படிப் போய்த் திரும்புவது, புது ரைபிள் வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே உங்கள் பட்டியலையும் அனுப்பியிருந்தீர்கள். அதில் ரைபிள், ஸ்கோப், தோட்டா பற்றி அரைப் பக்கம் இருக்கிறது. கறியை எப்படி வீட்டுக்குக் கொண்டுவருவது என்று ஒரு வரிகூட இல்லை. எனக்குக் கவலை தருவது அதுதான்.

கோடியாக்கில் மான் கண்ணில் படுவது பெரிய சிரமம் இல்லை. 1924க்கும் 1934க்கும் இடையில் மூன்று தடவையாக மொத்தம் 25 மான்களைத்தான் அங்கே கொண்டுபோய் விட்டார்கள். இன்று தீவுக்கூட்டம் முழுக்க அவற்றின் வம்சம்தான். நவம்பர் நடுவில் இணைசேரும் பருவம் உச்சத்தில் இருக்கும். ஆண் மான்கள் பகலிலேயே திரியும், மான் குரல் எழுப்பும் ஊதுகுழல் சத்தத்துக்கு ஓடி வரும். சுட்ட மானைக் கரடிக்குக் கொடுக்காமல், மழையில் கெடவிடாமல், சட்டத்துக்கு உட்பட்டு, குட்டி விமானத்தில் ஏற்றி ஊர் கொண்டுசேர்ப்பதுதான் உண்மையான வேலை. ஆகவே திட்டத்தைக் கடைசியிலிருந்து போடுங்கள். எவ்வளவு கறி வரும், அதை எது சுமக்கும், அந்த வாகனம் எங்கே வரும், அங்கிருந்து எவ்வளவு தூரத்துக்குள் சுடலாம் என்று கேட்டுக்கொண்டே வந்தால் உங்கள் பட்டியலில் பாதி தானாக மாறிவிடும்.

முதலில் எடைக் கணக்கு. ஆங்கரேஜிலிருந்து கோடியாக் நகரம் ஜெட்டில் ஒரு மணி நேரம். அதற்கப்பால் சாலை வடகிழக்கு மூலையில் மட்டும்தான். மற்ற இடங்களுக்கெல்லாம் படகு, இல்லையென்றால் நீரில் இறங்கும் மிதவை விமானம். பெரும்பாலும் டி ஹாவிலண்ட் பீவர் ரக விமானமாக இருக்கும். மிதவை பூட்டிய பீவரில் ஆள், மூட்டை எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1,000 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான எண்ணை உங்கள் விமானக்காரர் சொல்வார். மூன்று பேர் உடுப்போடு 560 பவுண்டு, தலைக்கு 60 பவுண்டு மூட்டை என்றால் 180. மொத்தம் 740. மிச்சம் 260 பவுண்டு கறிக்கும் கொம்புக்கும். வளர்ந்த ஆண் மான் உயிரோடு சராசரியாக 120 பவுண்டு இருக்கும், எலும்பு நீக்கினால் 50 பவுண்டு அளவுக்குக் கறி தேறும். மூன்று மானுக்கு இடம் இருக்கிறது. இப்போது உங்கள் பட்டியலை எடை போடுங்கள். தலைக்கு 95 பவுண்டு வருகிறது. மிச்சம் 155 பவுண்டுதான், மூன்று மானின் கறியே 150; கொம்புக்கு இடமில்லை. திரும்பும்போது இரண்டாவது ஓட்டத்துக்குக் காசு கட்ட வேண்டும், அல்லது வானிலை கெட்டால் கறியோடு ஒருவர் கரையில் காத்துக் கிடக்க வேண்டும். சாப்பாடு தீர்ந்திருக்குமே, எடை குறையுமே என்று நினைப்பீர்கள். நனைந்த டென்ட்டும் நனைந்த துணியும் அந்தக் குறைவை ஈடுகட்டிவிடும்.

மிதவை விமானம் கிளம்பும் துறையில் நடப்பதைச் சொல்கிறேன். ஒவ்வொரு பையாகத் தராசில் வைப்பார்கள். நீங்களும் ஏறி நிற்க வேண்டும். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியைப் பார்த்தாலே பைலட் முகம் சுளிப்பார், ஏனென்றால் மிதவை விமானத்தின் வயிற்றுக்குள் வளைந்து நுழையும் துணிப்பைதான் அவருக்கு வேண்டும். துப்பாக்கியின் கெட்டிப் பெட்டியை நகரத்திலேயே விட்டுவிட்டு மெல்லிய உறையில் கொண்டுபோவது வழக்கம். கரடியை விரட்ட அடிக்கும் மிளகாய் ஸ்பிரே, அதாவது கரடி ஸ்பிரே டப்பாவை உங்கள் பையில் விட மாட்டார். வாங்கி, மிதவையின் அறைக்குள் வைத்து மூடுவார். பறக்கும்போது விமானத்துக்குள் அது கசிந்தால் பைலட்டுக்குக் கண் தெரியாது. அதனால் ஸ்பிரேயை மூட்டையின் அடியில் புதைக்காமல் கையில் எடுத்துப்போங்கள்.

பயணிகள் விமானத்தில் கரடி ஸ்பிரேயும் அடுப்பு கேஸ் குப்பியும் எந்தப் பையிலும் போகாது. இரண்டையும் கோடியாக் நகரத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அடுப்பில் எரிபொருள் வாசம் இருந்தாலே தடுக்கக்கூடும், கழுவிக் காயவைத்து எடுத்துப்போங்கள். துப்பாக்கி தோட்டா இல்லாமல், பூட்டிய கெட்டிப் பெட்டியில், கவுன்டரில் சொல்லி ஒப்படைக்க வேண்டும். தோட்டாவுக்குப் பல விமான நிறுவனங்கள் 11 பவுண்டு வரைதான் அனுமதிக்கின்றன. கூடுதல் லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும். டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறதே என்று கனடா வழியாகப் போகாதீர்கள், துப்பாக்கிக்கு அந்த நாட்டின் காகிதங்கள் தனி. சியாட்டில் வழியாக ஆங்கரேஜ் போங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. ஹோமர் துறைமுகத்திலிருந்து அலாஸ்கா மாநிலக் கப்பல் டஸ்டுமேனா கோடியாக்குக்கு ஓடுகிறது. 1964இல் கட்டிய கப்பல், இரவுப் பயணம் மாதிரி பத்து மணி நேரம் ஆகும். வண்டியோடு ஏறலாம், ஐஸ் பெட்டிகளைக் கூடுதல் கட்டணமில்லாமல் வண்டியிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கால அட்டவணை நம் வசதிக்கு வராது. நேரம் கையில் இருப்பவர்களுக்குத்தான் சொல்வேன்.

நேரம் என்றதும் மறக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று. கோடியாக்கில் மூடுபனி இறங்கினால் ஜெட்டும் இறங்காது, காற்று எழுந்தால் மிதவை விமானம் கிளம்பாது. நவம்பர் நடுவில் பகல் வெளிச்சமே எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. மிதவை விமானம் கண்ணால் பார்த்துப் பறப்பது, அதற்கு அந்த வெளிச்சம் மட்டும்தான். இரண்டு பக்கமும் குறைந்தது இரண்டு நாள் உபரியாக வையுங்கள். காட்டில் சாப்பாடு திட்டமிட்ட நாட்களுக்கு மேல் மூன்று நாளைக்கு இருக்கட்டும். திங்கட்கிழமை ஆபீஸில் இருந்தே ஆக வேண்டும் என்ற நிலையில் யாரும் இந்த வேட்டைக்குக் கிளம்பக் கூடாது. அந்த அவசரம்தான் பைலட்டை நச்சரிக்க வைக்கும். வானிலை சரியில்லை என்று அவர் சொன்னால் பேச்சு அதோடு முடிந்தது.

இறங்கும் இடம் பற்றி. நீங்கள் மலை மேல் உள்ள ஓர் ஏரியைக் குறித்திருக்கிறீர்கள். ஆகஸ்டில் அது அருமையான இடம். நவம்பரில் ஏரி உறைந்துவிடலாம், உறைந்தால் மிதவை விமானம் உங்களை எடுக்க வர முடியாது. கடல் நீர் உள்ள விரிகுடாக் கரையைத் தேர்ந்தெடுங்கள். பனி விழ விழ மான்களும் கீழே கடற்கரைப் பக்கம்தான் இறங்கும். கரையில் டென்ட் போடும்போது ஓதத்தைப் பாருங்கள். பெரிய ஓத நாட்களில் நீர்மட்டம் மூன்று மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். கடற்பாசியும் மரக்கட்டையும் ஒதுங்கிக் கிடக்கும் கோட்டுக்கு மேலே, புயலில் அலை எட்டாத உயரத்தில், புதர் காற்றை மறைக்கும் இடம்தான் டென்ட்டுக்கு.

முதல் தடவை என்றால் டென்ட்டைவிடப் படகையே நான் சொல்வேன். உரிமம் பெற்ற போக்குவரத்துப் படகுக்காரர்கள் இருக்கிறார்கள். இரவு படகில் தூக்கம், காலையில் சின்னப் படகில் கரை. அவர்கள் உங்களைக் கொண்டுபோய் விடலாமே தவிர, வேட்டைக்கு வழிகாட்டச் சட்டத்தில் இடமில்லை. துணி காய்கிறது, கறி கரடிக்கு எட்டாத இடத்தில் தொங்குகிறது. இந்த இரண்டும் பெரிய விஷயம். செலவு கூடுதல்தான். நடுவழியாக, கோடியாக் தேசிய வனவிலங்குப் புகலிடத்தில் வாடகைக்குக் குடில்கள் உண்டு. ஆனால் நவம்பர் தேதிகளுக்குப் போட்டி அதிகம். புகலிடம் 1941இல் கரடிகளைக் காக்க அமைத்தது, தீவின் மூன்றில் இரண்டு பங்கு அதற்குள் வருகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி தீவின் பூர்வகுடிகளான அலூட்டிக் மக்களின் நிறுவனங்களுக்குச் சொந்தமான நிலம். ஓல்ட் ஹார்பர், லார்சன் பே, அக்யோக் போன்ற ஊர்க்காரர்களுக்கு இந்த மான் குளிர்காலச் சாப்பாடு. அவர்கள் நிலத்தில் கால் வைக்கும் முன் அனுமதி வாங்குங்கள். எல்லைகளைப் போன் வரைபடத்தில் முன்கூட்டியே இறக்கி வையுங்கள், நகரத்தைத் தாண்டினால் சிக்னல் கிடையாது.

சட்டம் சுருக்கமாக. வெளிமாநிலத்தவருக்கு வேட்டை உரிமம் 160 டாலர், மான் பூட்டுச்சீட்டு 300 டாலர். சுட்ட உடனே சீட்டை மானின் மீது பூட்ட வேண்டும். எத்தனை மான், ஆணா பெண்ணா என்பதெல்லாம் மாறும் விதி, சாலைப் பகுதிக்கு விதி தனி. கோடியாக் அடங்கும் எட்டாம் வேட்டை வட்டாரத்தின் அந்த ஆண்டு விதிப் புத்தகத்தைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். ஆண் மட்டும்தான் என்று விதி இருந்தால், அதற்கான உடல் அடையாளம் கறியோடு ஒட்டியே இருக்க வேண்டும், வெட்டி வீசிவிடாதீர்கள். உங்களில் ஒருவர் எச்-1பி விசாவில் இருக்கிறார் என்றீர்கள். குடியேறாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பது அதற்கு ஒரு விலக்கு. அவர் உரிமத்தை முதலில் வாங்கிக் கையிலேயே வைத்திருக்கட்டும். அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவர் அலாஸ்காவில் எந்தப் பெரிய விலங்கை வேட்டையாடவும் உரிமம் பெற்ற வழிகாட்டி கட்டாயம். அவர் எந்த வகையில் சேர்கிறார் என்பதை அலாஸ்கா மாநில மீன், வேட்டை விலங்குத் துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விமான டிக்கெட்டுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது.

இனி உடுப்பு. கோடியாக்கின் குளிர் அப்படியொன்றும் கொடுமை இல்லை, பூஜ்யத்தை ஒட்டி மேலும் கீழும் ஆடும். ஈரம்தான் ஆளை வீழ்த்தும். மழை மேலிருந்து மட்டும் வராது, காற்றோடு பக்கவாட்டில் அறையும். மார்பளவுப் புல்லில் நடந்தால் கீழிருந்தும் நனைவீர்கள். மூச்சுவிடும் துணி என்று விற்கும் மெல்லிய மழைக்கோட்டு ஆல்டர் புதரில் ஒரு நாள் நுழைந்து வந்தாலே கிழிசலாகும். உட்கார்ந்து மான் பார்க்கும் நேரத்துக்கு மீனவர்கள் போடும் ரப்பர் பூசிய கோட்டும் கால்சட்டையும்தான் தாங்கும். நடக்கும்போது அதைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டுக் கம்பளி உள்ளாடை, ஃபிளீஸோடு போங்கள். வியர்வையில் நனைவதும் நனைவதுதான். பருத்தி ஒரு நூல்கூட வேண்டாம், ஜீன்ஸைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். இறகு அடைத்த ஸ்லீப்பிங் பேக் ஈரத்தில் சப்பிப்போய்ச் சூடு தராது, செயற்கை நார் அடைத்ததை எடுங்கள். காலுக்குத் தொடை வரை வரும் ரப்பர் பூட்ஸ், கணுக்காலில் இறுகப் பிடிக்கும் வகை. ஓடை கடப்பதற்கும் விமானத்திலிருந்து நீரில் இறங்குவதற்கும் அதுவே ஆகும். தோல் பூட்ஸ் மூன்றாம் நாள் காயவே காயாது. கையுறை மட்டும் நான்கு ஜோடி எடுங்கள், எடையும் இல்லை, ஒன்றாவது காய்ந்திருக்கும்.

டென்ட்டில் காசைக் குறைக்காதீர்கள். நான்கு பருவ டென்ட், எல்லாப் பக்கமும் இழுகயிறு, மணலுக்கான அகல முளைகள். காற்று மணிக்கு 60 மைல் வேகத்தில் அடிக்கும் இரவில் முளை மட்டும் நிற்காது. கயிற்றைக் கல்லிலும் புதரின் வேரிலும் கட்டுங்கள், சூரியன் மறைவதற்கு முன்பே ஒவ்வொரு முடிச்சையும் கையால் இழுத்துப் பாருங்கள். தீவின் தென்பகுதியில் மரம் மிகக் குறைவு, விறகை நம்பி விறகு அடுப்பு சுமக்காதீர்கள். கூட ஒரு தார்ப்பாய் இருக்கட்டும், சமைக்கவும் துணி மாற்றவும் கறியை மழையில் மறைக்கவும்.

தண்ணீர் வடிகட்டி பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று. நுண்குழல் வடிகட்டி ஒரு தடவை உள்ளே உறைந்தால் குழல்கள் விரிந்து கிழியும். வெளியே பார்த்தால் தெரியாது, கிருமியை விட்டுவிடும். இரவில் அதை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துத் தூங்குங்கள். செயற்கைக்கோள் தகவல் கருவி கட்டாயம், விமானக்காரரோடு தினமும் வானிலை பேச அதுதான் வழி. கடல் வானொலி ஒன்று கூட இருந்தால் பக்கத்தில் போகும் படகைக் கூப்பிடலாம்.

கரடிக்கு வருகிறேன். தீவுக்கூட்டத்தில் சுமார் 3,500 பழுப்புக் கரடிகள் இருக்கின்றன. நவம்பரிலும் எல்லாம் குகைக்குள் போயிருக்காது. பயப்படச் சொல்லவில்லை, வேலையை ஒழுங்காகச் செய்யச் சொல்கிறேன். மான் விழுந்ததும் ஒருவர் கத்தி எடுப்பார், ஒருவர் காலைப் பிடிப்பார், மூன்றாமவர் உதவிக்கு வரக் கூடாது. அவர் துப்பாக்கியோடு எழுந்து நின்று காற்று போகும் திசையையே பார்க்க வேண்டும், ரத்த வாசம் அந்தப் பக்கம்தான் போகிறது, கரடியும் அந்தப் பக்கத்திலிருந்துதான் மோப்பம் பிடித்து வரும். குடலைத் திறக்காமலே வேலையை முடிக்கலாம். ஒரு பக்கத் தோலை முதுகிலிருந்து உரித்து, முன்சப்பை, பின்தொடை, முதுகுக்கறி, கழுத்து, நெஞ்சு, விலாக்கறி எடுத்துவிட்டு மறுபக்கம் புரட்டுங்கள். சட்டம் இவை அத்தனையையும் எடுக்கச் சொல்கிறது. கழுத்தையும் விலாவையும் விட்டுவிட்டு வந்தால் குற்றம். கொம்பும் கறிக்கு முன்னால் கிளம்பக் கூடாது, கடைசிச் சுமையோடுதான் வர வேண்டும். தடவை தடவையாக வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மூன்று பேரும் ஒரே நடையில் சுமந்து வெளியேறும் அளவுக்கு, ஒரு நேரத்தில் ஒரு மான். வெளிச்சம் போக இரண்டு மணி நேரமே இருக்கும்போது, எவ்வளவு நல்ல கொம்பானாலும், சுடாதீர்கள்.

இரண்டாம் நடை தவிர்க்கவே முடியாவிட்டால், மிச்சக் கறியை எலும்புக்கூடும் குடலும் கிடக்கும் இடத்திலிருந்து நூறு மீட்டராவது தள்ளி, தூரத்திலிருந்து பைனாகுலரில் தெரியும் வெட்டவெளியில் வையுங்கள். மேல் ஒரு பிரகாசமான துணியைக் கட்டுங்கள். திரும்பி வரும்போது எட்ட நின்று பார்த்து, சத்தம் கொடுத்து, பிறகு நெருங்குங்கள். கரடி கறி மேல் உட்கார்ந்துவிட்டால் அந்தக் கறி அதனுடையது. உயிரைக் காக்கச் சுட்டால்கூட கரடியின் தோலையும் மண்டையோட்டையும் எடுத்து மாநிலத்திடம் ஒப்படைக்க வேண்டும். முகாமிலும் கறி டென்ட்டுக்குப் பக்கத்தில் கூடாது. சுற்றிலும் கட்டும் சிறிய மின்வேலி எடைக்குத் தகுந்த பலன் தரும், இரவு நிம்மதியாகத் தூங்கலாம்.

கறி கெடுவது குளிர் போதாததால் மட்டும் இல்லை, ஈரத்தாலும்தான். ஈரப் பையில் சுற்றிப் பிளாஸ்டிக்கில் அடைத்தால் இரண்டே நாளில் வழவழப்பு வரும். நல்ல துணிப்பைகள் தலைக்கு ஐந்தாறு எடுங்கள். தார்ப்பாயின் கீழ், துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல், காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். மேற்புறம் காய்ந்து தோல் கட்டிவிட்டால் ஒரு வாரம் தாங்கும். நகரத்துக்கு வந்ததும் உறையவைத்து, மெழுகு அட்டைப் பெட்டியில் 50 பவுண்டு கணக்கில் கட்டி, சாதாரணப் பெட்டி போலவே விமானத்தில் போடலாம். கெட்டியாக உறைந்திருந்தால் உலர்பனி தேவையே இல்லை. போட்டால் 2.5 கிலோவுக்கு மேல் கூடாது, கவுன்டரில் சொல்ல வேண்டும். மண்டையோட்டை மூளை, சதை இல்லாமல் சுத்தம் செய்து கொம்பு நுனிகளை மூடிக் கட்டுங்கள். மூளையைத் தாக்கும் மான் நோய்க்குப் பயந்து பல மாநிலங்கள் மூளை, முதுகெலும்பு உள்ள பாகங்களை உள்ளே விடுவதில்லை.

கடைசியாக, புது ரைபிள். வேண்டாம். உங்களிடம் இருக்கும் .308 ரக ரைபிள் இந்த மானுக்குத் தாராளம். துருப்பிடிக்கும் இரும்புக் குழல் என்றால் தினமும் இரவில் எண்ணெய்த் துணியால் துடையுங்கள், குழல் வாயில் மின்சார டேப் ஒரு துண்டு ஒட்டுங்கள். மழையும் சேறும் உள்ளே போகாது, சுடும்போது அது தானாகக் கிழிந்துவிடும். ஸ்கோப்புக்கு மூடி, பைனாகுலருக்கு நெஞ்சுப் பை, பிளாஸ்டிக் உறையில் காய்ந்த துடைதுணி இரண்டு. விமானப் பயணத்தில் ஸ்கோப் அசைந்திருக்கலாம், நகரத்துக்கு வெளியே சலோனி கிரீக் சுடுதளத்தில் மூன்று தோட்டா சுட்டுக் குறி பார்த்துவிட்டு மிதவை விமானம் கிளம்பும் துறைக்குப் போங்கள். ரைபிளுக்கு ஒதுக்கிய பணத்தில் ரப்பர் மழை உடுப்பு மூன்று, ஒரு மின்வேலி, செயற்கைக்கோள் கருவி எல்லாம் வாங்கலாம். புதுப் பட்டியலை எடையோடு எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.